மாமா தமிழில் கத்திய நாள்

என் மாமாவின் வலது முழங்காலைப் பந்து உடைத்துவிட்டது என்றுதான் எங்கள் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். ஆனால் பந்தை நான் எத்தனையோ தடவை கையில் தூக்கியிருக்கிறேன். ஒரு மனுசன் காலை உடைக்கிற அளவுக்கு அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே கழகமொன்றுக்கு உதைபந்து விளையாடியவர். பேப்பரில் படம் வந்த ஆள். தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டத்து ஆளுக்குப் பேப்பரில் படம் வருவதென்றால் ஒன்று தேர்தலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போக வேண்டும். மாமா இரண்டையும் செய்யாமலே வந்தவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரேயொரு பையோடு நொண்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தார். கால் கொஞ்சம் தேறியதும் எல்லாரையும் போல றப்பர் பால் வெட்டப் போனார்.

மழை நாளில் பால் வெட்டு இல்லை. மரம் நனைந்தால் பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெல்லாம் வழிந்துவிடும். அந்த நாட்களில் மாமா தோட்டத்து இளந்தாரிகளை, காலையில் பேர் பதிந்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் சேர்த்துவைத்துப் பந்து பழக்குவார். சேற்றில் உருண்டு புரண்டு அவர்கள் நல்ல டீம் ஆகிவிட்டார்கள். ஆனால் மாமா ஒரு சட்டம் போட்டிருந்தார். களத்துக்குள் யாரும் தமிழில் கத்தக்கூடாது. முருகேசு அங்கே சுனில். செல்லையா நிமல். ஓடு என்பதற்குத் "துவப்பங்" என்றுதான் கத்த வேண்டும். கடையிலும் பஸ்ஸிலும் நாங்கள் சிங்களம் பேசுகிறவர்கள்தான், அதில் கஷ்டமில்லை. ஆனால் நம் களத்தில், நம் பிள்ளைகளே விளையாடும்போது எதற்கு?

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, முருகேசுன்னு கூப்ட்டா பந்து உருளாதா?" என்று கேட்டார்.

"நீ சும்மா இரு அக்கா. ஒனக்கு ஒன்னும் தெரியாது."

பந்துக்குச் சிங்களம் மட்டும்தான் விளங்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரும் இல்லாத நேரம் இரண்டு பாஷையிலும் சொல்லிப் பார்த்து உதைத்தேன். இரண்டு தடவையும் அது தண்ணி ஓடும் கானுக்குள்தான் போய் விழுந்தது.

அந்த வருஷம் எங்கள் டீம் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டது. தெஹியோவிட்ட மைதானத்தில் ஆட்டம். டவுன் பள்ளிக்கூடமொன்றின் விளையாட்டு மாஸ்டர் பார்க்க வந்திருந்தார். ஜெயித்தால் மாமாவை அங்கே கோச்சாக எடுப்பதாகப் பேச்சு. தோற்றால் மறுபடியும் பால்வாளிதான். அம்மா முனியாண்டிக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டிருந்தார். அது நான் வளர்த்த சேவல். அதனால் யார் ஜெயிக்க வேண்டும் என்று கும்பிடுவதென்றே தெரியாமல் நின்றேன்.

ஆட்டம் முடியப்போகும்வரை சரிக்குச் சரி. கடைசியில் பந்து முருகேசுவின் காலுக்கு வந்தது. அடிக்காமல், யாரிடம் கொடுக்கலாம் என்று அந்தப் பாவி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றான். கோட்டோரம் நொண்டி நொண்டி ஓடிவந்த மாமா, தொண்டை கிழியக் கத்தினார்.

"முருகேசு! என்னடா பாக்குற? அடிச்சித் தொலைடா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. முருகேசு அடித்தான். கோல்! எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, டவுன் சிங்களச் சனமும் எழும்பிக் கைதட்டியது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மாமாவை மட்டும் காணவில்லை. தேடினால், கத்திய இடத்திலேயே தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார்.

விஷயத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் கலியாணம் முடித்த பிறகுதான். கொழும்பில் ஒருநாள் ஆட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, தெருவுக்கு அந்தப் பக்கம் போன கூட்டாளியை மாமா பேர் சொல்லித் தமிழில் கூப்பிட்டிருக்கிறார். சண்டைக் காலம். தமிழ் காதில் விழுந்ததும் ஆமிக்காரர்கள் ஓடிவந்து அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே வந்தது அந்தக் காலோடு. பழியைப் பந்தின் மேல் போட்டது மாமாவேதான். டவுன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, அந்தப் பிள்ளைகளை வைத்து மாமா அலுமாரி நிறையக் கோப்பைகள் வாங்கினார். ஆனால் அங்கே அவர் எந்தப் பாஷையிலும் கத்தியதில்லை. எல்லாவற்றுக்கும் விசில்தான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "மாமா, கோல்! நாங்க ஜெயிச்சிட்டோம்!"

தலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். "யாராச்சும் வர்றாங்களா பாப்பா?"

திரும்பிப் பார்த்தேன். அவரைத் தூக்கிவைத்து ஆடுவதற்கு மைதானமே எங்களைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தது.

"ஆமா மாமா, எல்லாரும் வர்றாங்க!" என்று சந்தோஷத்தில் கத்தினேன்.

மாமா இன்னும் குறுகிப்போனார். ஜெயித்த மனுசருக்கு எதற்கு இத்தனை வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.