காணும் என்ற சொல்

நறுவிலிக்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு நீள மர வாங்கின் ஓரத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதில் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். மலைநாட்டில், கலவரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தை எரித்த பிறகு அம்மாவும் நானும் இங்கே வந்து சேர்ந்திருந்தோம். நான் வாய் திறந்தால் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் பேசுவதும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கூடச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.

அம்மா மிளகாய்த் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போனாள். வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்: "படிப்பு ஏறுச்சுன்னா படி. ஏறலன்னா எங்கூட மொளகா பறிக்க வந்துரு." மாலையில் கை எரிச்சலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, டீச்சர் என்ன சொன்னாங்க என்று கேட்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. டீச்சரின் வாய்ச்சொல்தான் அவளுக்குத் தேர்ச்சி அறிக்கை.

டீச்சர் மன்னார்த் தீவிலிருந்து பஸ்ஸில் வருவார். தமிழ்ப் பாடத்தில் ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்க விடுவார். என் முறை வந்தபோது புத்தகத்தில் ஒரு பந்தியை மூச்சுவிடாமல் வாசித்தேன். "காணும் பிள்ளை, இரு" என்று உட்காரச் சொன்னார்.

எங்கள் பேச்சில் காணும் என்றால் ஏதோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டைக் காணும், செருப்பைக் காணும் என்போம். எந்த வரியை விட்டேன் என்று அன்று முழுவதும் விரல் வைத்துத் தேடினேன். அடுத்த நாள் இன்னும் சத்தமாக வாசித்தேன். மறுபடியும் காணும். மற்றப் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொன்னார். அவர்களோ கவலையில்லாமல் உட்கார்ந்தார்கள். ரோஷம் கெட்டதுகள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கேட்டபோது, டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் தோட்டத்துக்கென்று எனக்கும் ஒரு பழைய சட்டையை எடுத்துவைத்தாள்.

அந்தச் சட்டையைக் கண்ட மறுநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. டீச்சர் காணும் என்றதும் உட்காராமல் நின்றேன்.

"என்ன டீச்சர் காணும்? நான் ஒரு எழுத்தக்கூட விடல. நீங்களே பாருங்க."

டீச்சர் புத்தகத்தோடு வந்து என் வாங்கில், என் பக்கத்தில் இருந்தார். அதுவரை அங்கே யாரும் இருந்ததில்லை. நான் சொன்னதைத் திரும்பவும் சொல்லவைத்துக் கேட்ட பிறகே அவருக்கு விஷயம் பிடிபட்டது. இங்கே காணும் என்றால் போதும் என்று பொருள், வாசித்தது திருப்தி என்றுதான் இருக்கச் சொன்னேன் என்றார். என் கோபம் தணியவில்லை. நன்றாக இருந்தால், எது நன்றாக இருந்தது என்று சொல்லலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

அவர் நான் வாசித்த பந்தியில் விரல் வைத்தார். "ஓம், அது சரிதான். நீ சொல்லெல்லாம் தெளிவா வாசிக்கிறாய். ஆனா முற்றுப்புள்ளியில நிக்கிறாயில்லை. நாளைக்கு நிண்டு வாசி, கேப்பம்."

அதன்பிறகு எல்லாருக்கும் அப்படித்தான். காணும் என்பதோடு விட்டுவிடாமல், எது நன்றாக வந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு வசனம் சேர்த்துச் சொல்வார். மற்றவர்களுக்கு அது பாடம். எனக்கோ, முழு நாளிலும் ஒருவர் என் முகம் பார்த்துப் பேசிய ஒரே வசனம் அதுதான். வீடு போகும்வரை அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடப்பேன். இந்த ஊரில் காணும் என்றால் நல்ல வார்த்தை என்று அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். சட்டை திரும்பவும் பெட்டிக்குள் போனது.

பிறகு மன்னார்ப் பாதையில் போர் தொடங்கியது. பஸ் ஓடவில்லை. டீச்சர் உட்காரும் கதிரை வெறுமையாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்து அதிபர் எல்லா வகுப்புகளையும் ஒன்றாக இருத்தி வாசிக்க விட்டார். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்று வாசித்தேன். முடித்துவிட்டு என் வசனத்துக்காகக் காத்து நின்றேன். "அடுத்த ஆள்" என்றார். டீச்சர் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டார், இனி வரமாட்டார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அழுகை வந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் அந்த வாங்கில் யாரும் இல்லை.

அன்று மாலை அம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்து உட்கார்ந்தாள். டீச்சர் போய்விட்டது தெரிந்தால் விடியவே என்னையும் எழுப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப்போவாள். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"டீச்சர் என்னடி சொன்னாங்க?"

"காணும்" என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நாளைக்கும் பள்ளிக்கூடம் போ" என்றாள்.