சீசாவில் வந்த ஆடாதோடை

யுத்தத்தால் கப்பல் மருந்து குறைந்துபோன நாட்களில், வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு சின்ன அரசு மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக இருந்தேன். சீமை இருமல் மருந்துக்குப் பதிலாக ஆடாதோடை இலைச்சாறு பெரிய சீசாவில் வந்தது. சீட்டில் லத்தீன் பெயரும் அளவும் வேளையும் இருந்தன. யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று இல்லை. சீட்டில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்பது அப்போது என் கொள்கை.

என் மனைவிக்கு ஆறாம் மாதம். அதற்கு முந்தைய இரண்டும் தங்கவில்லை. இருமல் விடாமல் பிடிக்கவே, டாக்டர் எழுதிக் கொடுத்தார். நானே கலந்து எடுத்துப்போனேன். மூன்றாம் நாள் இருமல் தணிந்தது. ஆனால் அடிவயிறு அவ்வப்போது கல்லாக இறுகுகிறது என்றாள். இருமி இருமி வந்த வலி என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவளைப் பார்க்க வந்த மருத்துவச்சி கரண்டியை எடுத்து முகர்ந்தாள்.

"இது ஆடாதோடைல்ல? யாரு குடுத்தா?"

"டாக்டர் எழுதினதும்மா" என்றேன்.

"எழுதட்டும். ஆடுகூட வாய் வைக்காத தழைங்க. சீனிப்பாகு ஊத்திட்டா புள்ளைக்குத் தெரியாமப் போயிடுமா?"

"இருமலுக்கு நீயும் குடுக்கறதுதானே?"

"கெழவனுக்குக் குடுப்பேன். உங்களுக்கும் குடுப்பேன். வவுத்துப் புள்ளக்காரிக்குக் குடுக்க மாட்டேன். பிரசவ வலி நின்னுபோச்சுன்னா இதை அரைச்சு அடிவவுத்துல பத்துப் போடுவோம். எதுக்கு? புள்ள எறங்கத்தான். ஆறு மாசத்துல எறங்கி அது எங்க போவும், கம்பவுண்டரய்யா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மிச்ச மருந்தை முற்றத்துச் சாக்கடையில் கொட்டினாள். அரசு மருந்தை அழிக்க ஒரு படிவமும் இரண்டு சாட்சிகளும் தேவை. சாட்சிகள் இருந்தார்கள்.

இரண்டு நாளில் இறுக்கம் நின்றது. மருந்தை நிறுத்தியதால்தானா என்று நிரூபிக்க, மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். நான் முன்வரவில்லை. கர்ப்பிணிகளுக்கு இதை வழங்கலாமா என்று டாக்டர் கையெழுத்தோடு மேலிடத்துக்கு எழுதினோம். பதிலுக்கு முன் நிறைமாதம் வந்தது.

காலையில் எடுத்த வலி உச்சிப்பொழுதில் அடங்கிப்போனது. மருத்துவச்சி கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"போயி அந்தத் தழையைப் பறிச்சிட்டு வாங்க."

"எந்தத் தழை?"

"தெரியாது பாரு! உங்க ஆசுபத்திரி வேலியில நிக்குதே, அது. சீசாவைத் தூக்கிட்டு வந்துடாதீங்க."

மருந்தக வளாகத்தில் எதைப் பறிக்கவும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். விதி எனக்கு மனப்பாடம். மடி நிறையப் பறித்துக்கொண்டு ஓடினேன். விளக்கு வைப்பதற்குள் பெண் பிறந்தாள். உரக்க அழுதாள்.

அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டு கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒரு மருந்தியல் புத்தகத்தில் படித்தேன். மேலிடத்துப் பதில் அவள் தவழும்போது வந்தது: குறித்த அளவில் வழங்கவும். கோப்பில் சேர்த்தேன்.

கர்ப்பமா என்று குறிக்கப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. இருந்தாலும், இருமலோடு வரும் பெண்கள் எல்லோரிடமும் எத்தனை மாதம் என்று கேட்ட பிறகே சீசாவைத் தொட்டேன். நடைமுறை என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். குரும்பலூரிலிருந்து வந்த பல்லில்லாத கிழவி ஒருத்தி மட்டும், நான் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க வாய்க்குச் சக்கரை போடணும், சாமி."