தங்கச்சி என்று கூப்பிட்ட பாவத்துக்கு

திருப்பதி ஸ்டேஷனில் எனக்கு கூட்ஸ் கிளார்க் வேலை கிடைத்தபோது சித்தூரே என்னைக் கொடுத்துவைத்தவன் என்றது. மலையடிவாரத்தில் குடித்தனம், நினைத்தபோது பெருமாள் தரிசனம் என்றார்கள். நினைத்தபோதாவது, மண்ணாவது! வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் தரிசித்ததெல்லாம் என் சிநேகிதன் அனுப்பிவைத்த யாத்ரீகர்களைத்தான்.

சிநேகிதன் சித்தூரில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அந்தக் காலத்தில் என் குடையும் சைக்கிளும் என்னோடு இருந்ததைவிட அவனோடு இருந்ததுதான் அதிகம். பிறகு ஜில்லா கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தான். அதோடு என் வீடு சத்திரமாகிவிட்டது. வக்கீலின் மாமியார் வருவார், வக்கீலின் கட்சிக்காரர் வருவார், கட்சிக்காரரின் சம்பந்தி தன் பரிவாரத்தோடு வருவார். யார் வந்தாலும் வாசலில் ஒரே பாட்டுதான். "உங்க சிநேகிதரு சொன்னாருங்க, வெந்நீர் ரெடியா இருக்கும்னு." மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். எங்கள் வீட்டுத் தலையணை உறைகளில் சந்தன வாசனை போனதே கிடையாது.

மாதம் ஒரு தரமாவது அவனும் வருவான். ரயில் பாகாலா தாண்டும்போதே அவனுக்குப் பசி எடுத்துவிடும். வாசலில் செருப்பை விடும் முன்னாலேயே "தங்கச்சி!" என்று ஒரு குரல். தங்கச்சி கை ரசம் மாதிரி உண்டா, தங்கச்சி ஊறுகாய் கொஞ்சம் பொட்டலம் கட்டேன், தங்கச்சி நாளைக்கு எட்டு பேர் வராங்க. வெதுருகுப்பம் பக்கம் அவன் அப்பாவுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. ஒரு மாம்பழம், ஒரே ஒரு அழுகல் மாம்பழமாவது, அந்தத் தோப்பிலிருந்து எங்கள் வாசல் ஏறியதில்லை. எனக்கு வயிறு எரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். அவன் போன பிறகு வெந்நீர் அண்டாவைத்தான் எட்டி உதைப்பேன். "அண்டா இன்னா பண்ணுச்சு?" என்பாள் என் மனைவி.

இதெல்லாம் போகட்டும். அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. பையன் பிறந்து உயிருக்குப் போராடிய வாரத்தில், பிழைத்தால் முதல் முடி ஏழுமலையானுக்கு என்று காசு முடிந்து வைத்திருந்தாள். எங்களில் முதல் முடியை ஒற்றைப்படை வயதில்தான் இறக்குவார்கள். முதல் வயதில் பையனுக்கு உடம்பு தேறவில்லை. இப்போது மூன்றாவது வயதும் ஆனியில் முடியப்போகிறது. அதை விட்டால் ஐந்துதான். இரண்டு தரம் நாள் குறித்தோம், இரண்டு தரமும் சித்தூர் கூட்டம் வந்து இறங்கியது, அவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். பையனுக்கு முடி தோளில் புரள, அவள் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். தெருவில் போகிறவர்கள் பெண்பிள்ளை என்றே கொஞ்சினார்கள். அவள் சிரித்துக்கொள்வாள், உள்ளே வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை போட வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. குடுபல்லியில் இருந்த பெரியப்பா மகன் வந்து உட்காருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். சித்திரையில் எனக்கு ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தது. யாத்திரைக் கூட்டம் தொடங்கிவிட்டால் ஆனி முடியும்வரை லீவு என்ற பேச்சே எடுக்க முடியாது.

முந்தின நாள் சாயங்காலம் வாசலில் குரல் கேட்டது. "தங்கச்சி!" பின்னால் வக்கீலின் மாமியார், அவர் தங்கை, நாலு மூட்டை. எனக்குக் காது சிவந்துவிட்டது. இன்றைக்கு நேரே சொல்லிவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவி குறுக்கே வந்து, "அவங்களும் மலைக்குத்தானே வராங்க, சேர்ந்தே போலாம். ஆனா நாளைக்கு அடுப்பு எரியாது, சொல்லிடுங்க" என்றாள். அதை மட்டும் கொஞ்சம் உறுமலாகவே சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு ரசம் இருக்கிறதா என்று கேட்டான்.

காலையில் ரயில் வந்தது, குடுபல்லிக்காரன் வரவில்லை. காட்பாடியில் வண்டி மாறும்போது தவறவிட்டிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் பொழுது போய்விடும். அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மலைப்படி ஏற ஆரம்பித்துவிட்டாள். மாமன் இல்லாமல் எங்கே போகிறாய் என்றதற்குப் பையனின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டே அடுத்த படியில் கால் வைத்தாள். சிநேகிதனின் மூட்டை ஒன்று என் தலையில் இருந்ததால் நானும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

மலைமேல் மொட்டை போடும் கல்யாணக்கட்டையில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே தெலுங்கில் கேட்டார், "மேனமாம எவரண்டி?" தாய்மாமன் யார் என்ற கேள்வி. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சிநேகிதனைப் பார்த்தாள்.

"அண்ணா, குந்துங்க."

"நானா தங்கச்சி?"

"வாய் நெறைய தங்கச்சி தங்கச்சின்னு கூப்ட்டுக்கினு வரீங்களே, அப்போ எம்புள்ளைக்கு நீங்க யாரு?"

கோர்ட்டில் அத்தனை வாதம் கேட்டவன் துண்டை உதறித் தரையில் போட்டான். உட்கார்ந்தான். பையன் வீரிட்டு அழுதான், உதைத்தான், சிநேகிதனின் ஜரிகை வேட்டியை நனைத்தே விட்டான். அவன் அசையவில்லை. ஒரு கையால் பையனின் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையைக் கத்தி போகும் பக்கமெல்லாம் காதுக்கு அணைவாக வைத்திருந்தான். ரிப்பனோடு பின்னல் மடியில் விழுந்தது. என் மனைவி வாய்விட்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எனக்கு அவன் மீது இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, தேடிப் பார்க்கவும் தோன்றவில்லை.

இறங்கும்போது வக்கீலின் மாமியார்தான் விஷயத்தை உடைத்தார். "மடி குடுத்தாச்சு, இனிமே தாய்மாமன் சீரெல்லாம் உன்னுதுப்பா. காது குத்தறதுக்குக் கம்மலு, பொங்கலுக்குத் துணி, கல்யாணத்துக்கு..." அவன் படியிலேயே நின்றுவிட்டான். எதையும் வாங்கியே பழகியவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். மனைவி ஒன்றும் நடக்காதது மாதிரி, "காது குத்தறது வைகாசியில அண்ணா" என்றாள்.

வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வந்து உட்கார்ந்தார். குடுபல்லிக்காரனும் இந்தத் தரம் ஒழுங்காக வந்துவிட்டான். அவன் மடியிலேயே வைத்துக் குத்திவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜட்கா வந்து நின்றது. சிநேகிதன் இறங்கினான். கூட ஒரு யாத்ரீகர்கூட இல்லை. தட்டில் வெற்றிலை, பூ, சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல், பட்டுச் சொக்காய். ஜட்காக்காரன் இரண்டு கூடை மாம்பழத்தை இறக்கினான். வாசனை தெருவையே தூக்கியது.

அவன் நேரே குடுபல்லிக்காரனிடம் போய் நின்றான். "கொஞ்சம் தள்ளிக்கோபா. எனுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் கெடையாது. மாமான்னு கூப்பிட இவன் ஒருத்தன்தான்." உட்கார்ந்து மடியைத் தட்டினான். பையன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்தேன்.

"டேய், வெய்டா அதை" என்றான். "அது என் மருமவனுக்கு. உனுக்குன்னு யாரு கொண்டாந்தா? அப்புறம், வர வெள்ளிக்கெழம வக்கீலோட அண்ணன் வராரு, ஆறு பேரு. வெந்நீர் வெச்சிடு."

வைக்கிறேன் என்றேன். பழத்தைக் கீழே வைக்கவில்லை. அவன் முன்னாலேயே கடித்து, சாறு முழங்கை வரை வழிய, கொட்டைவரை சப்பித் தின்றேன்.