தாரா டீச்சரும் ஒரு முந்தானைப் படமும்

சின்ன காஞ்சிபுரத்துத் தாரா டீச்சர் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் ஊரையே அதில் இழுத்துவிடாமல் ஓயமாட்டாள். 2008இல் அவளைப் பிடித்துக்கொண்டது, இணையத்தில் எழுதும் பிளாக். பரீட்சைக்கு வராத பாடம் என்று தலைமையாசிரியர் முகம் சுளித்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பிளாக் தொடங்கி, வாரம் ஒரு பதிவு எழுதவேண்டும். ஒருவர் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் கருத்து எழுதவேண்டும். அதற்கும் மார்க் உண்டு. முதல் பதிவில் பாதிப் பேர் தலைப்புக்குப் பதிலாகப் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வீட்டில் நடக்கும் வேலையைப் பற்றி எழுதச் சொன்ன வாரம், பிள்ளையார்பாளையம் தீபிகா தறியில் இருந்த புடவையின் முந்தானையைச் சித்தப்பாவின் செல்போனில் படமெடுத்துப் போட்டாள். கீழே, 'எங்கப்பா வேல்முருகன் நெய்தது' என்று ஒரு வரி. வகுப்பே கருத்து எழுதிக் குவித்தது.

சனிக்கிழமை காலை தீபிகா டீச்சர் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"மிஸ், அந்தப் படத்த எடுக்கணும் மிஸ். அப்பா கத்திக்கினு இருக்குது."

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"அது முகூர்த்தப் புடவை மிஸ். பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கறதுக்கு முன்னாடி டிசைன் வெளிய போச்சுன்னா, கடைக்காரர் இனிமே பாவே குடுக்கமாட்டாராம்."

பாவு வராவிட்டால் தறியில் நூல் ஏது? வெளியாள் வந்தால் நெய்த பாகத்தைத் துணி போட்டு மூடவேண்டும் என்பது நெசவாளர் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தீபிகாவுக்கும் தெரியும்தான். டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடத்தை அவள் வெளியாளாக நினைக்கவில்லை. தாராவுக்கோ அந்த வழக்கமே தெரியாது. கதிகலங்கிப் போனாள்.

பள்ளி பூட்டியிருந்ததால் இருவரும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினார்கள். படத்தை மட்டும் எடுத்துப் பயனில்லை. கருத்து எழுதியவர்கள் முந்தானையில் இருந்த அன்னத்தையும் கரையையும் வர்ணித்து டிசைனைப் புட்டுப்புட்டு வைத்திருந்தார்கள். தாரா பதிவையே அழித்தாள். நல்லவேளை, கடைக்காரருக்கு விஷயம் எட்டவில்லை.

கல்யாணம் முடிந்த வாரம் வேல்முருகன் பள்ளிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று தாரா எழுந்து நின்றாள்.

"என் பேர்லதான் தப்பு. மன்னிச்சுடுங்கோ."

"அத்த வுடுங்க டீச்சர். பசங்க என்னென்னவோ எழுதிச்சாமே. நான் நெய்யற புடவைய எல்லாரும் கடை பேரச் சொல்லித்தான் நல்லாக்குதும்பாங்க. என் பேரு போட்டு எழுதினத ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இப்பதான் கல்யாணம் முடிஞ்சிடுச்சே."

பதிவையே அழித்தாயிற்று, அழித்தது திரும்ப வராது என்று தாரா சொன்னாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பரவால்லமா. நீங்க இன்னா எழுதினீங்க?"

அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 'படம் தெளிவாக இல்லை. அடுத்த முறை வெளிச்சத்தில் எடுக்கவும்.'

"ரொம்ப நன்னா இருக்குன்னு எழுதினேன்" என்றாள்.