மூலையில் வைத்த மஞ்சள்

புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் உடுத்த மாட்டோம். அந்தப் பழக்கத்தால்தான் தப்புப் பண்ணினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஓசூரில் வாடகை வீட்டு மாடியில் சாய வேலை தொடங்கிய புதிது. கம்பெனியில் பேக்கிங் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த கன்னடக்கார அக்கா இருபது வெள்ளைத் துப்பட்டா கொடுத்தார். "இளநீலம் போட்டு, ஓரத்துல பூ அச்சு வெச்சுக் கொடும்மா. நல்லா வந்தா மாசாமாசம் உனக்குத்தான்" என்றார். முதல் பெரிய வேலை. சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, இருபதிலும் மஞ்சள் தொட்டு வைத்த பிறகே சாயத்தில் நனைத்தேன்.

சாயம் பிடிக்கப் போட்ட சோடா உப்பில் மஞ்சள் ரத்தமாகச் சிவந்தது. பதறி அலசினேன். சிவப்புப் போனது, மூலைக்கு மூலை பழுப்புக் கறை நின்றது.

வெயில் பட்டால் மஞ்சள் கறை வெளுக்கும். ஆடி மாத ஓசூரில் வெயிலுக்கு எங்கே போவது? மூன்று நாள் தூறல். கொடியில் போடுவதும் எடுப்பதுமாக மாடிப்படி ஏறி இறங்கினேன். விளக்கேற்ற உட்கார்ந்தாலும் மனசு மேகத்திலேயே இருந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "என்னாடி, சூரியனும் ஸ்ட்ரைக்கா? பேக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்க, சொல்லி வெக்கட்டா?" என்றார்.

"சும்மா இருங்க. வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்க."

நான்காம் நாள் மத்தியானம்வரை வெயில் காய்ந்தது. பதினாலில் கறை போய்விட்டது. ஆறில் போகவில்லை. கறைமேல் ஒரு பூவை அழுத்தி மறைத்துவிடலாமா என்று கை துடித்தது. சாமி பேரைச் சொல்லித் தொடங்கியதில் கள்ளம் பண்ண மனசு ஒப்பவில்லை. பதினாலுக்கு அச்சு வைத்து, அந்த ஆறை மட்டும் அச்சு வைக்காமலே எடுத்துப் போனேன்.

அக்கா விரித்துப் பார்த்தார். "என்னம்மா இது?"

"சாயத்துக்கு முந்தி மஞ்சள் வெச்சிட்டேங்கக்கா. தப்புதான்."

"அய்யோ ராமா! போட்டுக்கறவங்க வெக்கற மஞ்சள நீ எதுக்கு வெக்கற? இந்த ஆறையும் கருநீலமாக்கிக் கொண்டா. அப்பவும் கறை தெரிஞ்சா என் கடைப் படி ஏறாத."

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் சாயம் கரைத்தேன். உலரும்வரை கொடியை விட்டு நகரவில்லை. கருநீலம் கறையை விழுங்கிவிட்டது. அக்கா வாங்கிக்கொண்டார், அடுத்த மாதமும் கொடுத்தார். ஆனாலும் துணியைத் தொட்டியில் இறக்கும்போதெல்லாம், மஞ்சள் வைக்காமல் வெறும் துணியாக இறக்குகிறோமே என்று இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.