பின்சக்கர நட்டு

பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறவர்களைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. பொம்பளைக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. நேர்த்தடத்தில் வேகமாகப் போவதற்குப் பெட்ரோல் இருந்தால் போதும். ஆள் யார் என்று வளைவில்தான் தெரியும். இது என் முதல் அபிப்பிராயம். இன்று வரை அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. முத்தையாபுரத்துக்குக் கிழக்கே, கடலடியில் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி நிரவியதில் பெரிய பொட்டல் ஒன்று உண்டாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை கிடையாது. என் அண்ணன் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தான். ஒருநாள் ஏதோ வெல்டிங் வேலைக்கு வந்த வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருவன் ஒரு பத்திரிகையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணனுக்குச் சோறு கொண்டுபோன நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். மண் தடம். முட்டை வடிவத்தில் சுற்று. நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். வண்டியில் பிரேக் கிடையாது. இடது காலில் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு, வளைவில் அந்தக் காலை மண்ணில் ஊன்றி, பின்சக்கரத்தை வெளியே சறுக்க விடுகிறார்கள். படத்தில் வண்டி இடப்பக்கம் திரும்புகிறது, ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. அச்சில் ஏதோ தப்பு என்று நான் சொன்னேன். அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

ஒரு மாதத்துக்குள் பொட்டலில் தடம் தயாராகிவிட்டது. ரோடு ரோலர் ஓட்டுகிறவர் ஒருவர் அண்ணனுக்குப் பழக்கம், அவர் வந்து நிரவிக் கொடுத்தார். கச்சான் என்கிற மேல்காற்றில் புழுதி பறக்காமல் இருக்க, உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை டாங்கரில் கொண்டுவந்து தெளித்தார்கள். அது காய்ந்தால் தரை சிமெண்டு போட்டது மாதிரி இறுகிவிடும். ஆனால் அது வண்டியின் இரும்பைத் தின்றுவிடும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தெருக்குழாயில் சண்டை போட்டு நான் பிடித்து வந்த குடங்கள் வண்டிகளுக்குத்தான் போயின. வீட்டில் அம்மா தினமும் அதற்காக என்னை ஏசினாள்.

ஓட்டுகிறவர்களில் லாரி முதலாளியின் மகன் ஒருவன் இருந்தான். பளபளவென்று புது புல்லட், கைக்கு உறை, தோல் சட்டை. வளைவைப் பார்த்தால் போதும், பொங்குகிற பாலைப் பார்த்தவன் மாதிரி உடனே ஆக்ஸிலேட்டரை மூடிவிடுவான். அவன் காலில் கட்டிய தகடு அடியில் தேய்ந்ததே இல்லை. தேயாத தகடு என்றால் காலை மண்ணில் வைக்கவில்லை என்று அர்த்தம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவரும் இருந்தார். பெரிய உடம்பு, நல்ல மனசு, வளைவில் அகலமாகப் போய்ப் பொட்டலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகு அவர். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். சங்கு குளி இல்லாத மாதங்களில் ஊரில் சும்மா கிடப்பார், அப்போதுதான் பந்தயமும் நடக்கும். பழைய வண்டி, முன்விளக்கும் மட்கார்டும் கழற்றியது. வளைவு வரும்போது கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். தண்ணீருக்குள் போகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் நுழைவார், நேர்த்தடம் வந்த பிறகுதான் விடுவார். வளைவு முழுக்க அவருடைய எஞ்சின் சத்தம் ஒரே மாதிரி இருக்கும். ஒருமுறைகூட மூட மாட்டார். தடத்துக்கு ஓரமாகக் குவித்திருந்த உப்பு அம்பாரத்துப் பக்கம் நின்றுகொண்டு கண்ணை மூடிக் கேட்டாலும் எது அவர் வண்டி என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் போனேன்.

இனி நட்டு விஷயம். எங்கள் அப்பாவும் சங்கு குளித்தவர். அவர் கீழே போனால் மேலே படகில் கயிறு பிடித்தது என் தாய்மாமன். குளிக்கிறவனின் மனைவியோடு கூடப் பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூலிக்கு வந்தவனுக்குக் கை அசந்து போகலாம். தன் அக்காள் தங்கச்சியின் தாலிக் கயிறும் அதில் சேர்ந்து தொங்குகிறது என்பதால் மச்சானுக்கு அசராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேன்காரர் வண்டியில் பின்சக்கரம் புறப்பட்ட இடத்திலேயே கழன்று உருண்டது. யாரோ வேண்டுமென்றே நட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அதிலிருந்து கடல் வழக்கம் கரைக்கு வந்துவிட்டது. பின்சக்கர நட்டைக் கடைசியாக முறுக்குவதும், வண்டியைத் தள்ளிவிடுவதும் மச்சான்தான். பாதி விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு அது சட்டமாகிவிட்டது. லாரி முதலாளி மகன் மட்டும் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்திருந்தான். அதற்காக அவனை எல்லோரும் கேலி செய்தார்கள்.

என் அண்ணன் எல்லோருடைய எஞ்சினையும் சரி பார்ப்பான். நட்டை மட்டும் தொட மாட்டான். தனக்கு மச்சான் என்று ஒருத்தன் வரட்டும், அவனுக்கு முறுக்குகிறேன் என்பான். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்த வருஷமே சங்கு குளிக்கிற அவர் என்னைப் பெண் கேட்டு வந்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை. உப்பு அம்பாரத்துப் பக்கம் நின்ற என்னை அவர் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நட்டை முறுக்கித் தள்ளிவிட்டான். அவர் மற்ற மூன்று பேரையும் வெகுதூரம் பின்னால் விட்டார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பட்டறையில் உட்கார்ந்து இருட்டும் வரை பேசினார்கள். மறுநாளும் பேசினார்கள். வீட்டுக்கு வந்தால் அவருக்குப் பேச்சு இருக்காது. குடிக்கவும் மாட்டார், அடிக்கவும் மாட்டார். தெருவில் எல்லோரும் நான் கொடுத்து வைத்தவள் என்றார்கள். காய்ச்சலில் நான் கிடந்தபோது அண்ணன்தான் வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தான். அவர் அண்ணனைப் பார்த்து, நாளைக்குப் பட்டறை திறப்பியா என்று கேட்டார்.

ஒருநாள் சோறு போடும்போது நானே கேட்டுவிட்டேன், என்னை எதைப் பார்த்துக் கட்டினீர்கள் என்று. அவர் யோசிக்கவெல்லாம் இல்லை.

“ஒங்க அண்ணனுக்கு இன்னொரு தங்கச்சி இருந்தா அவளக் கெட்டியிருப்பேன். எனக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். நான் குழம்பு ஊற்றினேன். பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் எப்படி இருக்குமோ, அன்றிலிருந்து அப்படி ஆகிவிட்டது எனக்கு. அழுகை வரும் என்று இரண்டு மூன்று நாள் எதிர்பார்த்தேன். வரவில்லை. வேலையெல்லாம் வழக்கம்போல நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பொட்டலுக்கும் போனேன். இதை நம்புகிறவர்கள் குறைவு. வீட்டில் சாப்பிடுகிற மனிதர் வேறு, கன்னத்தை உப்பிக்கொண்டு வளைவுக்குள் வருகிறவர் வேறு. முதல் ஆளிடம் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாவது ஆளுக்கு நான் ரசிகை. அந்தச் சத்தம் கேட்கும் போது மட்டும் உடம்பில் ஏதோ ஒன்று லேசாக அசையும், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர் வேலை கிடைத்தது. பட்டறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவர் துறைமுகம் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒருத்தன் கப்பலேறிப் போயிருக்கிறான். துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் விசாரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். நட்டு முறுக்க ஆள் இல்லை. எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அண்ணனுடைய ஸ்பானர் பையை நான் கொண்டுபோயிருந்தேன். அந்த நட்டில் ஒரு முனை மழுங்கியிருக்கும், ஸ்பானரை உள்ளே அழுத்திப் பிடித்து மேலே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவும். அண்ணன் செய்வதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் போய் மண்டியிட்டு ஸ்பானரை மாட்டி இழுத்தேன். இறுகியது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

யாரோ சிரித்தார்கள். கிரேன்காரர் அவர்களை அதட்டிவிட்டு, மச்சானைவிடப் பொஞ்சாதி முறுக்கினால் இன்னும் நல்லதுதானே, அவள் தாலிதானே என்றார். கணக்குப்படி அது சரிதான். எல்லோரும் ஒத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை விட்டு இறங்கினார். லாரி முதலாளி மகனின் சம்பள ஆளை, போட்டிக்காரனின் ஆளை, கூப்பிட்டார்.

“நீரு ஒருக்கா பாரும்” என்றார்.

அந்த ஆள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கே கூச்சமாக இருந்தது. தன் ஸ்பானரை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இறுகியிருக்கிறது, இதற்குமேல் இழுத்தால் நட்டின் மரை தேய்ந்துபோய்விடும் என்று சொன்னான். அவர் சரி என்றார். வண்டியைத் தள்ளிவிட நான் பின்னால் போனபோது, நீ வேண்டாம் என்று அந்த ஆளையே தள்ளச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவளுக்கு நான் உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இத்தனை நாள் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். வெட்கமோ கோபமோ வரவில்லை. கையில் ஸ்பானர் கனமாக இருந்தது, பையில் போட்டேன்.

கொடி இறங்கியது. முதல் வளைவில் நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவருடைய எஞ்சின் சத்தம் இறங்கியது. என்னவோ கோளாறு என்று கண்ணைத் திறந்தால், கோளாறு ஒன்றும் இல்லை, ஆக்ஸிலேட்டரை மூடியிருக்கிறார். கன்னம் உப்பவில்லை, வாயைத் திறந்து சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு போகிறார். அடுத்த வளைவிலும் மூடினார். நேர்த்தடத்தில் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டார். எல்லா வளைவிலும் மூடினார். லாரி முதலாளி மகன் முதலாவதாக வந்து, நம்ப முடியாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினான். கிரேன்காரர்கூட இவருக்கு முன்னால் வந்துவிட்டார். நட்டு அன்று வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

அவர் சோறு போடும்போது சொன்னதை எப்படியோ ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். எத்தனையோ பேர் வீட்டில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வளைவில் மூடியதை என்னால் விழுங்க முடியவில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிஞ்சியிருந்தது. பொட்டலிலிருந்து உப்பளம் வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். குடத்தை எடுக்கவில்லை. அன்று வண்டியை யாரும் கழுவவில்லை.

ராத்திரி அவர் வந்து உட்கார்ந்தார். சோறு போட்டேன். வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து முதல்முறையாக அவராக ஒரு பேச்சைத் தொடங்கினார்.

“ஒன்ன நம்பாம ஒண்ணும் இல்ல, கேட்டியா” என்றார்.

“பெறவு எதுக்கு வளைவுல மூடுனிய?” என்று கேட்டேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பதில் வரட்டும் என்று குழம்புக் கரண்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.