இன்ஜெக்டருக்கு வைத்த பொட்டு

மல்பே துறைமுகத்தில் எஞ்சின் டிரைவர் தூமா திங்களாயாவைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டுக் கொல்லையில் ஓடிய பம்புசெட்டைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்பது ஒன்று. முதலாளி அண்ணப்பாவின் மனைவி கிரிஜாவைக் கண்டால் அவன் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும் என்பது இன்னொன்று. முதலாவது பொய்யாக இருக்கலாம். இரண்டாவதால்தான் அன்றைக்குப் படகு பாறையை நோக்கிப் போனது.

மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து கடலுக்குப் போகும் முதல் நாள். காலையில் தூமா, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் குழாய்களைக் கழற்றிப் போட்டிருந்த நேரம் பார்த்து, பூஜைத் தட்டோடு கிரிஜா எஞ்சின் அறைக்குள் இறங்கி வந்தாள்.

"நல்ல நேரம் போகுது, நகரு."

"அண்ணி, அதுக்கு வாய் திறந்திருக்கு..."

"நீ உன் வாயை மூடு."

மூடினான். நாலு இன்ஜெக்டர் தலையிலும் தாராளமாகக் குங்குமம் விழுந்தது. அவள் மேலே ஏறியதும் தூமா வாயால் ஊதிவிட்டுக் குழாய்களை மாட்டினான். ஊதினால் தூள் வெளியேதான் வரும் என்று யார் சொன்னது? கிளம்பும்போதே எஞ்சின் திக்கியது. படகின் முன்பக்கம் அணியத்தில் வெடித்த சரவெடியில் அது யார் காதிலும் விழவில்லை. தூமாவின் காதில் விழுந்தது. அப்போதும் சொல்லவில்லை.

தீவுப் பாறைகளுக்கு நேரே வந்ததும் எஞ்சின் கறும்புகையைக் கக்கிவிட்டு நின்றது. மேல்காற்று படகைப் பாறைப்பக்கம் தள்ளியது. நங்கூரம் போட்டார்கள். அது பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது.

சுக்கானைப் பிடித்திருந்த அண்ணப்பா எஞ்சின் அறைக்குள் குதித்தார். "என்னடா பண்ற, மாராயா? பாறையில இருக்கிற சிப்பி தெரியுது!"

தூமா முதல் இன்ஜெக்டரைப் பிரித்திருந்தான். ஊசி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. டீசலில் ஊறவைத்துத் திருகி இழுத்தான். செக்கச்செவேல் என்று வந்தது.

"ரத்தமா?"

"குங்குமம்."

"எவன்டா வச்சது?"

"உங்க வீட்டுக்காரம்மா."

அண்ணப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்தப் பூட்டு அவருக்கும் உண்டு.

"சரி, துணியால துடை, சீக்கிரம்!"

"துணி தொட்டா நூல் ஓட்டையில அடைச்சுக்கும். சும்மா இருங்கண்ணே."

படகு ஆட ஆட, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய கம்பியால் இன்ஜெக்டர் நுனியில் இருக்கும் நாசில் ஓட்டைகளைக் குத்தி, டீசலில் அலசினான். ஒரு நாசிலின் ஊசி இன்னொன்றுக்குச் சேராது. அதனால் கழற்றிய ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டான். மேலேயிருந்து படகுப் பையன்கள் கத்தினார்கள்: "அண்ணே, நெருங்கிடுச்சு!"

கழுவியதை எஞ்சினுக்குள் வைக்காமல் வெளியிலேயே குழாயில் மாட்டி, "செல்ஃப் அடிங்க" என்றான். பனிமூட்டம் மாதிரி பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வடிந்தது. மறுபடி பிரித்தான்.

இந்த முறை பீய்ச்சியது. நிம்மதியில் அண்ணப்பா அந்தப் பீய்ச்சலைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டப் போனார். தூமா ஸ்பேனராலேயே அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"தோலைத் துளைச்சு உள்ள போயிடும்! அப்புறம் விரலை வெட்டணும்!"

முதலாளியை அடித்த டிரைவர் மல்பேயில் அவன் ஒருவன்தான். கோபப்பட அவருக்கு நேரமில்லை. "பொப்பர்யா, உனக்குச் சேவல் தர்றேன்" என்று கடல் தெய்வத்திடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதை மாட்டி முடித்தபோது படகின் அடியில் ஏதோ உரசியது. நாலாவதைத் தொட நேரமில்லை. குழாய் நட்டுகளைத் தளர்த்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினான்.

"இப்ப அடிங்க."

பேட்டரி முனகியது. நின்றது.

"இன்னொரு தடவை. விடாதீங்க."

ஒரு சிலிண்டர் இருமியது. இரண்டாவது பிடித்தது. மூன்று காலில் ஓடும் நாய் மாதிரி நொண்டிக்கொண்டே எஞ்சின் எழுந்தது. அண்ணப்பா மேலே பாய்ந்து சுக்கானைத் திருப்பினார். பாறையில் உடைந்த அலையின் நுரை கூரைமேல் விழுந்தது. படகு விலகியது.

கரையில் கிரிஜா தேங்காயோடு நின்றாள். பாறைக்குத் தப்பிய கதையைப் பையன்கள் படகிலிருந்தே கத்திச் சொன்னார்கள். "பார்த்தியா? என் பூஜைதான் காப்பாத்துச்சு!" குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு எஞ்சின் அறைப் படியில் காலை வைத்தாள்.

அண்ணப்பா தூமாவைப் பார்த்தார். தூமா அண்ணப்பாவைப் பார்த்தான். அவர் சட்டென்று வலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூமா படியை மறித்து நின்றான். வாய் திறந்தது.

"உள்ள வேணாம் அண்ணி." நெற்றியை நீட்டினான். "இனிமே எஞ்சினுக்கு வைக்கிற பொட்டையும் எனக்கே வச்சிடுங்க."